பேறுகால மூளைக் காயமும் மருத்துவக் கவனக்குறைவும்: பெருமூளை வாத வழக்குகளில் காரணமும் காலமும்

ஆய்வுச்சுருக்கம்

பெருமூளை வாதத்துடன் வளரும் ஒரு குழந்தையின் குறைபாட்டிற்குப் பேற்றறையில் நிகழ்ந்த கவனக்குறைவு காரணமா என்னும் வினா, மருத்துவமும் சட்டமும் சந்திக்கும் மிகக் கடினமான வினாக்களுள் ஒன்றாகும். பெருமூளை வாதம் முழுவதையும் பேறுகாலப் பிழையின் விளைவாகக் கொள்வதும், அதற்கும் பேறுகாலத்திற்கும் தொடர்பே இல்லை என மறுப்பதும் ஒருசேரப் பிழையானவை. இக்கட்டுரை, இந்நோயின் காரணம் பற்றிய மருத்துவக் கருத்துகள் வளர்ந்த முறையையும், இங்கிலாந்து, இந்திய நீதிமன்றங்கள் வகுத்த அளவுகோல்களையும் எடுத்துரைக்கிறது. காரணத்தை மெய்ப்பிக்கத் தேவையான சான்று குழந்தை பிறந்த சில மணி நேரங்களுக்குள்ளேயே பதிவாக வேண்டும். குறைபாடோ ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே பெரும்பாலும் தெரியவருகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கால இடைவெளியே இந்தியாவில் நீதி தவறும் இடம் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: பெருமூளை வாதம், பேறுகால மூச்சடைப்பு, கவனக்கடமை, காரணத் தொடர்பு, மருத்துவப் பதிவேடு, காலவரையறை, இழப்பீடு.

முன்னுரை

‘குழந்தை பிறந்தவுடன் அழவில்லை’ என்பது பெருமூளை வாதமுடைய குழந்தைகளின் பெற்றோர் பலர் மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் முதலில் கூறும் செய்தியாகும். அழாமைக்கும் பின்னாளில் கைகால் விறைப்பதற்கும் இடையே பெற்றோர் நேர்க்கோடு ஒன்றை வரைந்துகொள்கின்றனர். அக்கோடு சில குழந்தைகளைப் பொறுத்தவரை உண்மையானது. பல குழந்தைகளைப் பொறுத்தவரை உண்மையன்று. எது உண்மை, எது அன்று எனப் பிரித்தறியும் வழிகளைத் தேடிய வரலாறே இத்துறையின் வரலாறு எனலாம்.

மூளை முடக்குவாதம் என்றும் வழங்கப்பெறும் பெருமூளை வாதம் தனியொரு நோயன்று. வளர்ந்துவரும் மூளையில் ஏற்பட்ட, மேலும் பெருகாத ஒரு சேதத்தினால் உடல் அசைவும் நிலைப்பாடும் வாழ்நாள் முழுதும் பாதிக்கப்படும் நிலைகளின் தொகுப்பே அப்பெயரால் குறிக்கப்படுகிறது. உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளுள் ஏறத்தாழ 2 முதல் 3 பேரிடம் இது காணப்படுவதாக நெடுங்காலமாகக் கணக்கிடப்பட்டு வந்துள்ளது. தசை விறைப்பு வகை, கட்டுப்பாடற்ற அசைவு வகை, தள்ளாட்ட வகை என இது பகுக்கப்படுகிறது. சேதம் கருவில் நிகழலாம், பேற்றின்போது நிகழலாம், பிறந்தபின் மூளைக்காய்ச்சல், கடும் மஞ்சள்காமாலை ஆகியவற்றாலும் நிகழலாம். எனவே நோயின் பெயர் மட்டும் அதன் காரணத்தை உணர்த்தாது.

1. காரணம் பற்றிய கருத்து வளர்ச்சி

இங்கிலாந்தின் எலும்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861இல் இலண்டன் மகப்பேறு மருத்துவக் கழகத்தில் வாசித்தளித்த கட்டுரையே இவ்வாய்வின் தொடக்கப்புள்ளி. கடினமான பேறு, குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சடைப்பு ஆகியவற்றைக் குழந்தையின் பிற்கால உடல் விறைப்புடன் அவர் இணைத்துக் காட்டினார். நீண்ட காலம் இந்நிலை ‘லிட்டில் நோய்’ என்றே வழங்கியது. பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வின் தந்தை எனப் பெயர்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, நரம்பியல் மருத்துவராக இருந்த காலத்தில், 1897இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை ஐயுற்றார். கடினமான பேறு சில நேரங்களில் காரணமாக அன்றி, கருவில் முன்னரே நேர்ந்துவிட்ட கோளாறின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பது அவர் வாதம். இவ்விரு நிலைப்பாடுகளுமே இன்றும் நீதிமன்றத்தில் வாதியின் தரப்பாகவும் எதிர்வாதியின் தரப்பாகவும் எதிரெதிர் நிற்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் லிட்டிலின் கருத்தே மேலோங்கியிருந்தது. 1970களில் கருவின் இதயத்துடிப்பை மின்னணுக் கருவியால் தொடர்ந்து பதிவுசெய்யும் முறை பரவியபோது, பெருமூளை வாதம் பெருமளவு குறையும் என எதிர்பார்க்கப்பட்டது. அவ்வாறு நிகழவில்லை. ஏறத்தாழ 13,000 பெண்களை உட்படுத்தி 1985இல் வெளியான டப்ளின் ஆய்வில், தொடர் கண்காணிப்பு பெற்ற பிரிவில் பச்சிளங் குழந்தைகளின் வலிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் நான்கு வயதில் நோக்கியபோது பெருமூளை வாதத்தின் அளவில் இரு பிரிவுகளுக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை. 1986இல் நெல்சன், எல்லன்பர்க் ஆகியோர் அமெரிக்காவில் பல்லாயிரம் கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த தரவுகளை ஆராய்ந்து, பாதிக்கப்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரிடமே மூச்சடைப்பின் மருத்துவ அடையாளம் எதுவும் இருந்தது என்றும், அவர்களுள்ளும் பலருக்கு வேறு விளக்கம் இருந்தது என்றும் காட்டினர்.

இம்முடிவுகளை மிகைப்படுத்திப் பொருள் கொள்ளுதல் கூடாது. ‘பெரும்பாலான நேர்வுகளில் பேறுகாலம் காரணமன்று’ என்பது ‘இக்குழந்தையிடத்தும் காரணமன்று’ என்பதற்குச் சான்றாகாது. தொகுதியைப் பற்றிய கூற்றிலிருந்து தனியாளைப் பற்றிய தீர்ப்பிற்குத் தாவுதல் தருக்கப் பிழையாகும். தனியொரு குழந்தைக்கு நேர்ந்ததை அறியத் தனிச் சான்றுகள் வேண்டும்.

2. தனியொரு நேர்வில் காரணத்தை நிறுவும் சான்றுகள்

1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பன்னாட்டு ஒருமித்த அறிக்கை, பேற்றின்போது நேர்ந்த கடும் உயிர்வளிக் குறைவே பெருமூளை வாதத்திற்குக் காரணம் எனக் கூறுவதற்கு மூன்று இன்றியமையா நிபந்தனைகளை வகுத்தது. முதலாவது, தொப்புள்கொடித் தமனி இரத்தம் முதலிய தொடக்ககால மாதிரியில் கடும் அமிலத்தன்மை, அதாவது பி.எச். அளவு 7.00க்குக் கீழும் காரப் பற்றாக்குறை 12 அலகோ அதற்கு மேலோ இருத்தல். இரண்டாவது, 34 வாரம் நிறைந்த குழந்தையிடம் பிறந்த சிறிது காலத்திலேயே நடுத்தர அல்லது கடுமையான மூளைச் செயற்கேடு வெளிப்படுதல். மூன்றாவது, பின்னர்த் தோன்றும் வாதம் நான்கு உறுப்புகளையும் தாக்கும் விறைப்பு வகையாகவோ கட்டுப்பாடற்ற அசைவு வகையாகவோ இருத்தல். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, ஒற்றை அளவீட்டைச் சாராமல் ஆப்கர் மதிப்பெண், அமிலத்தன்மை, காந்த அதிர்வுப் படம், பல உறுப்புகளின் செயலிழப்பு ஆகியவற்றை ஒருங்கே நோக்க வேண்டும் என்றது.

காந்த அதிர்வுப் படம் நிகழ்ந்த சேதத்தின் தன்மையை உணர்த்தவல்லது. கருப்பை கிழிதல், தொப்புள்கொடி முன்தள்ளல் போன்றவற்றால் உயிர்வளி திடீரென ஏறத்தாழ முற்றிலும் நின்றுபோனால், மூளையின் ஆழத்திலுள்ள அடிநரம்பு முடிச்சுகளும் தலாமசும் முதலில் சேதமுறும். நெடுநேரம் சிறுகச்சிறுகக் குறைந்திருந்தால், இரத்தக்குழாய்களின் எல்லைப் பகுதிகளிலுள்ள மூளைப்புறணி பாதிக்கப்படும். குறைமாதக் குழந்தைகளிடம் மூளை அறைகளைச் சூழ்ந்த வெண்பொருள் சேதமுறுவதே மிகுதி.

இங்குக் கருதத்தக்கது யாதெனில், இச்சான்றுகளுள் பெரும்பாலானவை மீண்டும் உண்டாக்க முடியாதவை. தொப்புள்கொடியின் ஒரு பகுதியை இருபுறமும் கவ்வியிட்டு வைத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரையில் அதிலிருந்து நம்பகமான மாதிரி எடுக்கலாம். அதன்பின் அவ்வாய்ப்பு நழுவிவிடும். இதயத்துடிப்பு வரைபடம் பதிவாகாவிடில் பின்னர் எழுத முடியாது. நச்சுக்கொடியை ஆய்வுக்கு அனுப்பாவிடில் அதுவும் போய்விடும். பதிவு இல்லாத இடத்தில் குற்றமுள்ள மருத்துவர் தப்புவது போலவே குற்றமற்ற மருத்துவர் பழி சுமப்பதும் நிகழ்கிறது.

3. கவனக்குறைவு நிகழக்கூடிய இடங்கள்

மகப்பேறு வழக்குகளில் எழும் குற்றச்சாட்டுகள் சில வகைகளுக்குள் அடங்குவன. கருவின் இதயத்துடிப்பில் தோன்றும் அபாயக் குறிகளைக் காணத் தவறுதல் அல்லது கண்டும் செயற்படாதிருத்தல். அறுவைப் பேறு தேவை என முடிவெடுத்த பின்னும் காலம் தாழ்த்துதல். ஆக்சிடோசின் மருந்தைச் சொட்டுசொட்டாகச் செலுத்துகையில் கருப்பைச் சுருக்கங்களைக் கண்காணியாமை. இடுக்கி, வெற்றிடக் கருவி ஆகியவற்றை முறையின்றிக் கையாளுதல். முன்னரே அறுவைப் பேறு கண்ட கருப்பை கிழியும் அறிகுறிகளைப் புறக்கணித்தல். பிறந்த குழந்தைக்கு உயிர்ப்பூட்டத் தேர்ந்தவர் உடனில்லாமை. கடும் மஞ்சள்காமாலைக்கு உரிய காலத்தில் ஒளிச்சிகிச்சையோ இரத்தமாற்றோ செய்யாமை என்பன அவை.

இறுதியாகக் கூறப்பட்டது தனிக் கவனம் பெறத் தக்கது. இரத்தத்தில் பிலிருபின் அளவு மிகும்போது அது மூளையின் அடிநரம்பு முடிச்சுகளில் படிந்து கட்டுப்பாடற்ற அசைவு வகை வாதத்தை உண்டாக்குகிறது. எளிய இரத்தப் பரிசோதனையால் கண்டறியவும் ஒளிச்சிகிச்சையால் தடுக்கவும் கூடிய சேதமாதலால், இங்குக் காரணத் தொடர்பை நிறுவுதல் ஒப்பீட்டளவில் எளிது.

பேறுவலியின் போக்கைக் கண்காணிக்கும் மிக எளிய கருவி பார்ட்டோகிராஃப் எனப்படும் வரைபடத் தாளாகும். கருப்பைவாய் விரிவு, குழந்தையின் தலை இறக்கம், இதயத்துடிப்பு, தாயின் நாடித்துடிப்பு ஆகியவற்றை நேர வரிசையில் குறிக்கும் ஒற்றைத் தாள் அது. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் அதனைத் திருத்திப் பேறுகாலப் பராமரிப்பு வழிகாட்டியாக வெளியிட்டது. இந்திய அரசு 2017இல் தொடங்கிய லக்‌ஷ்யா திட்டமும் பேற்றறைத் தரத்தை உயர்த்துவதையே நோக்கமாகக் கொண்டது. அத்தாள் தாய்க்கு எச்சரிக்கைக் கருவி; பின்னாளில் வழக்கு எழுந்தால் அதுவே முதன்மைச் சாட்சி.

கவனத்தின் தரம் இடத்திற்கேற்ப வேறுபடும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. மூச்சடைப்புற்ற குழந்தையின் உடல்வெப்பத்தைப் பிறந்த 6 மணி நேரத்திற்குள் குறைத்து 72 மணி நேரம் 33 முதல் 34 பாகை அளவில் வைத்திருத்தல் செல்வ நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சையாகும். ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில், குளிர்விக்கப்பட்ட பிரிவில் 42 விழுக்காட்டினரும், குளிர்விக்கப்படாத பிரிவில் 31 விழுக்காட்டினரும் இறந்தனர். ஆகவே இங்குக் குளிர்வுச் சிகிச்சை அளிக்கப்படாமையை மட்டும் கொண்டு கவனக்குறைவு என முடிவுகட்ட இயலாது. வெளிநாட்டு நெறிமுறையை அப்படியே இங்கு அளவுகோலாக்குதல் மருத்துவருக்கு மட்டுமன்றிக் குழந்தைக்கும் தீங்காக முடியலாம்.

4. நீதிமன்றங்கள் வகுத்த அளவுகோல்கள்

கவனக்குறைவு வழக்கில் வாதி மூன்றினை நிறுவ வேண்டும்: கவனக்கடமை, அதன் மீறல், மீறலுக்கும் தீங்கிற்குமான காரணத் தொடர்பு. கடமை உண்டு என்பதில் பெரும்பாலும் பூசல் எழுவதில்லை. ஏனைய இரண்டிலுமே வழக்குகள் நிலைக்கின்றன அல்லது வீழ்கின்றன.

மீறலுக்கு 1957இன் போலம் வழக்கு அளவுகோல் தந்தது. அத்துறையில் தேர்ந்த பொறுப்பான மருத்துவர் குழுவொன்று ஏற்கும் முறையில் செயற்பட்டவர் கவனக்குறைவுடையவர் ஆகார் என்பது அதன் சாரம். 1997இன் பொலித்தோ வழக்கு, அக்குழுவின் கருத்து தருக்கத்திற்கு ஏற்புடையதாகவும் இருத்தல் வேண்டும் என வரம்பிட்டது. இடுக்கிப் பேறு முயற்சிக்குப் பின் கடும் மூளைச் சேதத்துடன் பிறந்த குழந்தையைப் பற்றியது வைட்ஹவுஸ் எதிர் ஜோர்டன் வழக்கு. முடிவெடுப்பதில் நேரும் பிழை கவனக்குறைவு ஆகாது என மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு பொதுப்படக் கூறினார். பிரபுக்கள் அவை வாதிக்கு எதிரான முடிவை நிலைநிறுத்திய போதிலும் அப்பொதுக்கூற்றை ஏற்கவில்லை. முடிவெடுப்பதில் நேர்ந்த பிழை கவனக்குறைவாக இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும். பிழையின் தன்மையே அதனைத் தீர்மானிக்கும் என்று அது தெளிவுபடுத்தியது.

காரணத் தொடர்பின் கடுமையை 1988இன் வில்ஷர் வழக்கு உணர்த்துகிறது. மிகுதியான உயிர்வளி செலுத்தப்பட்ட குறைமாதக் குழந்தை பார்வையிழந்தது. பார்வையிழப்பிற்கு அப்பிழையன்றி வேறு சில காரணங்களும் இருக்கக்கூடும் என்ற நிலையில், பிழை நிகழ்ந்தது என்பதனால் மட்டும் அதுவே காரணம் எனக் கொள்ள முடியாது என்றும், மெய்ப்பிக்கும் பொறுப்பு வாதியிடமே உள்ளது என்றும் முடிவாயிற்று. பெருமூளை வாத வழக்குகள் பலவற்றில் எதிர்த்தரப்பு எடுத்துரைப்பது இத்தீர்ப்பின் நெறியையே.

மூன்றாவது திருப்பம் 2015இன் மான்ட்கோமரி வழக்கு. நீரிழிவு நோயும் குறைந்த உயரமும் உடைய தாய் ஒருவர் 1999இல் ஸ்காட்லாந்தில் குழந்தை பெற்றார். அத்தகையோரிடம் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 விழுக்காடு. கூறினால் தாய்மார் அறுவைப் பேற்றையே விரும்புவர் என்னும் கருத்தினால் மருத்துவர் அதனைத் தெரிவிக்கவில்லை. தலை வெளிப்பட்டபின் உடல் வெளிவர 12 நிமிடங்கள் ஆயின. குழந்தைக்குக் கட்டுப்பாடற்ற அசைவு வகைப் பெருமூளை வாதம் ஏற்பட்டது. ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு அதனை மாற்றி, ஒரு நோயாளி பொருட்படுத்தக்கூடிய இடரினை எடுத்துரைப்பது மருத்துவரின் கடமை என்றும், எதனைக் கூற வேண்டும் என்பதைப் போலம் அளவுகோலால் தீர்மானிக்கலாகாது என்றும் தீர்ப்பளித்தது. 52.5 இலட்சம் பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. கையின் பிழையை மட்டும் தேடிய சட்டம், அதன்பின் வாயின் மௌனத்தையும் நோக்கத் தொடங்கியது.

5. இந்தியச் சட்டநிலையும் கால இடைவெளியும்

1995இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவப் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது என்றது. எல்லாருக்கும் கட்டணமின்றிப் பணியாற்றும் மருத்துவமனை அச்சட்டத்திற்கு வெளியே நிற்கும். சிலரிடமேனும் கட்டணம் பெறுமாயின் அங்கு இலவச சிகிச்சை பெறுவோரும் நுகர்வோராவர். 2005இன் ஜேக்கப் மேத்யூ வழக்கு போலம் அளவுகோலை ஏற்று, குற்றவியல் நடவடிக்கைக்குக் கடும் கவனக்குறைவு வேண்டும் என வரையறுத்தது. 2008இன் சமீரா கோலி வழக்கு, நோயாளிக்கு மருத்துவர் உரைக்க வேண்டியவற்றை வகுத்ததாயினும், எந்த அளவு உரைத்தல் வேண்டும் என்பதில் மருத்துவ வழக்கையே பெரிதும் சார்ந்து நின்றது.

இழப்பீட்டின் அளவில் 2015இன் வி. கிருஷ்ணகுமார் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு குறிப்பிடத்தக்கது. அது பெருமூளை வாதம் பற்றியதன்று. சென்னையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யத் தவறியதால் நேர்ந்த பார்வையிழப்பு பற்றியது. எனினும் வாழ்நாள் நீளும் மருத்துவச் செலவைப் பணவீக்கத்தையும் கருதிக் கணக்கிட்டு, ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்கியதனால், பிறப்புடன் தொடர்புடைய வாழ்நாள் குறைபாடுகள் அனைத்திற்கும் அது வழிகாட்டியாகிறது. அத்தீர்ப்பு வந்தபோது அக்குழந்தைக்கு வயது பதினெட்டைக் கடந்திருந்தது என்பதையும் மறத்தலாகாது.

இனி, இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வரலாம். பெருமூளை வாதம் பிறந்த அன்று வெளிப்படையாகத் தெரிவதில்லை. தலை நிற்காமை, உட்காராமை, ஒரு கையையே பயன்படுத்துதல் எனக் குறிகள் மெல்லத் தோன்றும். 12 முதல் 24 மாதங்களுக்கு இடையிலேயே நோய்முடிவு உறுதியாவது நெடுங்கால வழக்கம். மூன்று கால எல்லைகளை இதனோடு ஒப்பிட வேண்டும். ஒன்று, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையீட்டிற்குத் தரும் 2 ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் தாமதம் பொறுக்கப்படலாம். இரண்டு, இளையோர் தம் இயலாநிலை நீங்கிய பின்னரும் உரிமையியல் வழக்குத் தொடர 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் வாய்ப்பு. மூன்று, உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாள்முதல் 3 ஆண்டுகள் பேண வேண்டும் என்னும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்கின் முரண் புலப்படும். பெற்றோர் நோய்முடிவை அறியும் வேளையில் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடத் தொடங்கியிருக்கும். மறைந்திருந்த தீங்கு வெளிப்பட்ட நாளையே கணக்கின் தொடக்கமாகக் கொள்ளலாம் என்னும் நெறியை 2010இன் ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது ஓரளவு ஆறுதல். ஆனால் குழந்தை தன் உரிமையைத் தானே கோரும் வயதை எட்டும்போது, பதிவேட்டைப் பேணும் கடமை நீங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். வழக்குரிமை உயிருடன் இருக்க, அதன் சான்று அழிந்துபோக விதியே இடந்தருகிறது. இங்கிலாந்தில் மகப்பேற்றுப் பதிவேடுகள் 25 ஆண்டுகள் பேணப்படுவதை இதனோடு ஒப்பிடலாம்.

அதே 2002 விதிகள், நோயாளியோ அவரால் உரிமையளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் பதிவேடு தரப்பட வேண்டும் எனவும் கூறுகின்றன. ஐயம் உடைய பெற்றோர் முதலில் பயன்படுத்த வேண்டிய உரிமை இதுவே.

6. பிழை தேடாத இழப்பீடு: ஜப்பான் காட்டும் வழி

வழக்காடல் ஒன்றையே நம்பியிருத்தல், பிழையால் பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் பிழையின்றிப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் இடையே பெரும் ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது. இருவரின் தேவையும் ஒன்றே. அமெரிக்காவின் வர்ஜீனியா, புளோரிடா மாநிலங்கள் 1980களின் இறுதியில் இதற்கெனப் பிழை தேடாத இழப்பீட்டு நிதியங்களை அமைத்தன. ஜப்பான் 2009இல் நாடு தழுவிய மகப்பேற்று இழப்பீட்டு முறையைத் தொடங்கியது. வரையறைக்குட்பட்ட கடும் பெருமூளை வாதமுடைய குழந்தைக்கு, மருத்துவரின் பிழை மெய்ப்பிக்கப்படாமலே, மொத்தம் 3 கோடி யென் வழங்கப்படுகிறது. முதலில் 60 இலட்சம், பின்னர் 20 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 12 இலட்சம். தொகையைக் காட்டிலும் சிறப்பானது அதன் இரண்டாம் கூறு. ஒவ்வொரு நேர்வின் காரணமும் வல்லுநர் குழுவால் ஆராயப்பட்டு, அறிக்கை குடும்பத்திற்கும் மருத்துவமனைக்கும் அனுப்பப்படுகிறது. அறிக்கைகளின் தொகுப்பிலிருந்து தடுப்புப் பரிந்துரைகள் வெளியிடப்படுகின்றன. ‘என் குழந்தைக்கு என்ன நேர்ந்தது’ என்னும் பெற்றோரின் வினாவிற்கு அங்கு வழக்கின்றியே விடை கிடைக்கிறது.

இந்தியாவில் 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பெருமூளை வாதத்தைக் குறிப்பிட்டு ஏற்கின்றன. அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டிற்கு 1 இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவச் செலவை ஏற்கிறது. இவை ஆதரவுத் திட்டங்கள். காரணத்தை ஆராயும் பொறுப்பு இவற்றிற்கு இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• பெருமூளை வாதம் என்னும் நோய்முடிவு கவனக்குறைவிற்குத் தானே சான்றாகாது. பெரும்பாலான நேர்வுகளில் காரணம் பேறுகாலத்திற்கு வெளியே உள்ளது என்னும் பொது உண்மையும் தனியொரு மருத்துவரை விடுவிக்கும் சான்றாகாது.

• தொப்புள்கொடி இரத்தப் பகுப்பாய்வு, பார்ட்டோகிராஃப், இதயத்துடிப்பு வரைபடம், காந்த அதிர்வுப் படம் ஆகியவை இணைந்தே காரணத்தை நிறுவவோ மறுக்கவோ வல்லன. மூச்சடைப்புடன் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இவை கட்டாயமாக்கப்படுதல் இரு தரப்பினருக்கும் காப்பாகும்.

• பதிவேட்டைப் பேணும் 3 ஆண்டு எல்லை, குழந்தையின் வழக்குரிமைக் காலத்தோடு பொருந்தவில்லை. மகப்பேற்றுப் பதிவேடுகளைக் குழந்தை 21 வயது நிறையும்வரை பேணுமாறு விதி திருத்தப்படுதல் வேண்டும். தாய் வீடு திரும்பும் நாளிலேயே அவற்றின் படி தரப்படுதலும் வேண்டும்.

• இடர்களைத் தாய்க்கு எடுத்துரைத்தலும், எடுத்துரைத்ததைப் பதிவுசெய்தலும் மருத்துவக் கடமையின் பகுதியாகக் கொள்ளப்பட வேண்டும்.

• ஜப்பானிய முறையை ஒத்த, காரண ஆய்வுடன் கூடிய இழப்பீட்டு நிதியத்தை மாநில அளவிலேனும் தொடங்கிப் பார்க்கும் வாய்ப்பு ஆராயத்தக்கது.

பேற்றறையில் ஒருவர் நேரத்தைக் குறித்து எழுதும் ஒரு வரி, அக்குழந்தையின் பிற்கால வாழ்வில் எவ்வளவு எடை பெறும் என்பதை மருத்துவக் கல்வியும் சட்டக் கல்வியும் இணைந்து கற்பிக்க வேண்டும். இது குறித்த ஆய்வுகள் தமிழில் பெருகுதல் இன்றைய தேவையாகும்.